மூணு நாள் கழிச்சு வாரும்

என் அப்பா கம்பவுண்டர். கல்லிடைக்குறிச்சியில் ஒரு தனியார் டாக்டரின் டிஸ்பென்சரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். கம்பவுண்டர் என்றால் யாரென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் துண்டுச் சீட்டில் கிறுக்கியதைப் படித்து, தராசில் பொடியை நிறுத்து, கல்வத்தில் அரைத்து, தண்ணீரில் கலக்கி மிக்சராக்கிக் கொடுப்பவர். பாட்டிலை நோயாளிதான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒரு காகிதத்தை நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் கத்தரியால் வெட்டிப் பிரித்தால் வேளைக்கு ஒரு பல் விழும். அதை மைதாப் பசையால் பாட்டிலில் ஒட்டி, "நல்லா குலுக்கிக் குடிக்கணும், மூணு வேளை" என்று சொல்லி அனுப்புவார். வயிற்று உப்புசத்துக்கு ஏலக்காய் மணக்கும் சிவப்பு மிக்சர். இருமலுக்கு அதிமதுரமும் நவச்சாரமும் சேர்ந்த பழுப்பு மிக்சர். பேதிக்கு வெள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் அந்தக் காகிதத்துக்குப் பல் வெட்டிக் கொடுப்பேன்.

விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளிகள், வீரவநல்லூர் நெசவாளர்கள், பிசான நடவில் நாள் முழுக்கச் சேற்றில் நின்று காய்ச்சலோடு வரும் பெண்கள் என்று திண்ணை நிறைந்திருக்கும். டாக்டர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, நாக்கைப் பார்த்து, முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணுவார். பெரும்பாலும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "மிக்சர் தாரேன். மூணு நாள் கழிச்சு வாரும். அதுக்குள்ள மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்கலேன்னாலோ ராத்திரின்னாலும் கதவத் தட்டும்."

அந்த அறையில் ஒரு மர அலமாரி பூட்டியே இருக்கும். சாவி டாக்டரின் இடுப்பில். அதற்குள்தான் பென்சிலின் குப்பிகள். புனே பக்கத்தில் பிம்ப்ரியில் 1954இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையின் பெயரை அந்தக் குப்பிகளில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டாலே திண்ணையில் பேச்சு நின்றுவிடும். யாருக்கோ நிஜமாகவே முடியவில்லை என்று அர்த்தம். ஒருமுறை மன்னார்கோவில் பக்கமிருந்து உழவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிமோனியா. உதடு நீலம் பாரித்திருந்தது. அப்பா கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, குப்பியில் தண்ணீர் ஏற்றிப் பொடியைக் கரைத்தார். முதலில் கையில் துளி மருந்து குத்தி, தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி. ராத்திரியும் பகலுமாக ஊசி போட்டார்கள். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட சேதியை அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. தன் கையால் கரைத்த பொடி ஒருவரைச் சாவின் வாசலிலிருந்து திருப்பியிருக்கிறது என்பதை அவர் கடைசிவரை வியப்பாகவே வைத்திருந்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் எழுத வரவில்லை. தொண்டை அடைப்பானிலும் நிமோனியாவிலும் டாக்டரிடம் வந்து சேராமலே போன குழந்தைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மிக்சர் எதையும் குணப்படுத்தியதில்லை என்பதும் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது ஒரு வேலை செய்தது. பெரும்பாலான சளியும் இருமலும் வைரஸால் வருபவை, தாமாகவே போய்விடுபவை. போகிற வரைக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு தைரியம் வேண்டும், கையில் ஏதோ ஒன்று வேண்டும். காகிதப் பல் ஒட்டிய அந்தப் பாட்டில் கெடுதல் செய்யாமல் அந்த இடத்தை நிரப்பியது. பல் தீர்வதற்குள் காய்ச்சல் விட்டுவிடும். விடாதவர் திரும்பி வருவார். அவருக்குத்தான் அலமாரி.

மிக்சர் போய்விட்டது. கம்பவுண்டரும் போய்விட்டார். ஆனால் மிக்சர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை. பூட்டிய அலமாரிக்குள் இருந்த மருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. நான் அரசு மருந்தாளுநராகப் பணியாற்றிய காலம் முழுக்க என் கண் முன்னால் நடந்தது இதுதான்.

அது ஒரே நாளில் நடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெட்ராசைக்ளினும் ஆம்பிசிலினும்தான். பிறகு கோட்ரைமாக்சசோல். 80களின் கடைசியில் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின். 90களில் அசித்ரோமைசின், செஃபிக்சிம். ஒவ்வொரு மருந்தும் கடுமையான நோய்க்கென்றே வரும். சில வருடங்களில் தெருமுனை மெடிக்கலில் சளிக்கும் பேதிக்கும் கொடுக்கும் மாத்திரையாகிவிடும். அதற்குள் மருந்துக் கம்பெனி ரெப் அடுத்த மருந்தின் சாம்பிளோடு வந்து நிற்பார்.

இந்த வரிசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டைபாய்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அப்பா காலத்தில் டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் வந்தபோது, வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1972இல் மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில், குளோராம்பெனிகாலுக்குப் பணியாத டைபாய்டு பரவியது. 90களின் தொடக்கத்தில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் ஒருசேர அடங்காத கிருமி இந்தியா முழுவதும் இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் கைகொடுத்தது, சில வருடங்களில் அதுவும் தளர்ந்தது. செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்குப் போனோம். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அந்த ஊசிக்கும் கட்டுப்படாத டைபாய்டு கிளம்பியது. அங்கே வாயால் விழுங்கும் மாத்திரைகளில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: அசித்ரோமைசின்.

அதே அசித்ரோமைசினைத்தான் நாம் மூக்கொழுகலுக்கு விழுங்கிக்கொண்டிருக்கிறோம். இந்தியத் தனியார் மருந்து விற்பனையை வைத்து 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டில் அதிகம் உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரை. அடுத்தது 200 மில்லிகிராம் செஃபிக்சிம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. தாராளமாக முதலில் கொடுக்கத் தக்கவை, எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை, கடைசிக் கையிருப்பாக வைக்க வேண்டியவை என்று. நம் நாட்டில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் வந்த இந்த இரண்டுமே எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளவை.

நான் இப்போது குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் தன் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு மருந்துச் சீட்டோடு வந்தாள். சரியாகத்தான் வாங்கியிருக்கிறாளா என்று நான் பார்க்க வேண்டும். அசித்ரோமைசின் சிரப், இருமல் சிரப், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வைட்டமின் டானிக். பையன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் பேனாவைப் பிடுங்கி விளையாடினான். சட்டையை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவோ என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50. இவனுக்கு அந்தக் கணக்குக்கு வெகு கீழே இருந்தது. விலா உள்வாங்கவும் இல்லை.

"இந்த சிரப்பு இப்போ வேண்டாம்னு தோணுது தாயி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன், ரெண்டு நாள் பொறுத்துக் குடுக்கலாமான்னு."

"பெரியம்மா, நாளைக்குக் கடையில கட்டு ஒப்படைக்கணும். இவன் ராத்திரி முழுக்க என்னைய உறங்க விடல. ஒரே நாள்ல கேக்குத மருந்தா எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பீடிக்கு எண்ணிக்கைதான் கூலி. பிள்ளை சிணுங்கினால் இலை வெட்ட முடியாது, சுற்ற முடியாது, அந்த வாரக் கூலியில் துண்டு விழும். அவளுடைய அவசரம் அறியாமையிலிருந்து வருவதில்லை, வயிற்றுப்பாட்டிலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சிரப்பைக் கொடுத்தாள். நாலாம் நாள் பையன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். "பாத்தியளா பெரியம்மா, மருந்து கேட்டுட்டு" என்றாள். மிச்ச சிரப் அடுத்த சளிக்கென்று மாடத்தில் ஏறியது. தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பொடி மருந்து சில நாளில் வீரியம் இழந்துவிடும் என்று சொல்லி அதைக் கொட்டவைக்க நான் பட்ட பாடு பெரிது. கொட்டியபோதும் காசு போகிறதே என்றுதான் அவள் பார்த்தாள்.

நாலாம் நாள் சரியானதில் சிரப்புக்குப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் பெயர் சிரப்புக்கு. பாளையங்கோட்டையில் கிளினிக் வைத்திருக்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அத்தை, நீங்க சொல்லுதது எனக்குத் தெரியாதா? படிச்சிட்டுத்தான வந்திருக்கேன். காய்ச்சலோட ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வாராங்க. வைரஸ்தான், தானாப் போயிரும்னு சொல்லிப் பாராசிட்டமால் மட்டும் எழுதுனா, மறுநாளே வேற டாக்டர்கிட்ட போயிருவாங்க. அவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். அது மூணாவது நாள். காய்ச்சல் அன்னைக்கு விடும். யாருக்குப் பேரு? அதோட, நூத்துல ஒரு பிள்ளைக்கு நிமோனியா ஆகிப் போச்சுன்னு வைங்க. ஏன் முதல்லயே எழுதலன்னு என் சட்டையப் பிடிப்பாங்க. எழுதுனதுக்காக இதுவரை ஒரு ஆள் என்னையக் கேள்வி கேட்டதில்ல."

இதில் பொய் எதுவும் இல்லை. 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, இந்தியாவில் ஆரம்ப நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது. வைரஸ் என்றால் என்ன, ஏன் காத்திருக்கலாம், எப்போது ஓடி வர வேண்டும் என்று சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். சீட்டு எழுத அரை நிமிடம் போதும். நெல்லையில் சாயங்காலம் எந்த கிளினிக் வாசலில் நின்று பார்த்தாலும் இது புரியும். டோக்கன் எண் நூறைத் தாண்டி ஓடும்.

ஆனால் அப்பாவின் டாக்டருக்கும் கூட்டம் இருந்தது. ரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே எடுக்கப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இன்று தெருவுக்கு இரண்டு லேப் இருக்கிறது. சோதித்துப் பார்க்க வழியில்லாத காலத்தில் காத்திருக்கத் துணிந்தார்கள். எல்லா வழியும் உள்ள காலத்தில் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம் என்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

காத்திருக்கச் சொல்வது பழைய கால வழக்கம் மட்டுமில்லை. இங்கிலாந்தில் பால் லிட்டில் என்ற மருத்துவரின் குழு, தொண்டை வலியோடு வந்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு உடனே ஆன்டிபயாடிக். ஒரு பகுதிக்கு இல்லை. மூன்றாவது பகுதிக்கு, மூன்று நாளில் சரியாகாவிட்டால் வந்து சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பேச்சு. 1997இல் முடிவு வெளியானது. மூன்று பகுதியினரும் தேறியதில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆன்டிபயாடிக்கைத் தொடவே இல்லை. கல்லிடைக்குறிச்சி டிஸ்பென்சரியில் அதைத்தான் செய்தார்கள். என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். இப்போது அவன் சில பேருக்கு இப்படிச் செய்கிறான். சீட்டில் 'வியாழக்கிழமை வரை காய்ச்சல் இருந்தால் மட்டும்' என்று தமிழில் எழுதித் தருகிறான். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறான்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் உண்ணிக்காய்ச்சல் இருக்கிறது. வயற்காட்டிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. துணியை விலக்கிப் பார்க்கிற டாக்டருக்குத்தான் தெரியும். இதற்கு மருந்து டாக்சிசைக்ளின். பழைய மாத்திரை, விலை மிகக் குறைவு. நேரத்தில் கொடுத்தால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். கொடுக்காவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகி உயிரே போகலாம். விலை கூடிய செஃப்ட்ரையாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாது. ஆனாலும் காய்ச்சலுக்கு 'பவரான ஊசி' என்று அதைத்தான் முதலில் போடுகிறார்கள். பிழைக்க வேண்டிய நாட்கள் அந்த ஊசியில் கழிந்துவிடுகின்றன. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது மேலான பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் நிறுவியது. மறுபடியும் அதே அசித்ரோமைசின். உயிருக்குப் போராடுபவருக்கென்று அது வீரியத்தோடு இருக்க வேண்டும்.

2012இல் நெல்லை மாவட்டத்தில் டெங்கு வந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்திருந்தார்கள். அந்த வருடம் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. நெல்லையில்தான் அடி பலமாக விழுந்தது. டெங்கு வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. தண்ணீர்ச் சத்து, ஓய்வு, ரத்தத் தட்டணுவையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிப்பது, இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அந்த மாதங்களில் மெடிக்கல் கடைகளில் காய்ச்சலுக்கு 'ஒரு செட்' கேட்டவர்களுக்குக் கொடுத்த பொட்டலங்களில் பாராசிட்டமாலோடு ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டும் இருந்ததை நானே பிரித்துப் பார்த்தேன். பேதிக்கும் இதே கதைதான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காலராவிலிருந்து மீட்டுக் காட்டினார். இன்றும் பேதி என்றதும் கடைக்காரர் கை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு முன்னால் நார்ஃப்ளாக்சசின் கலந்த மாத்திரைக்குத்தான் போகிறது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்கு ஒருவர் தானாகப் பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். அவரிடமிருந்த கிருமி பென்சிலினைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பென்சிலின் பலிக்காமல் அந்தப் பெண் இறக்கிறாள். இப்படி ஒரு கதையாகவே சொன்னார். அந்தக் கதை இப்போது கணக்காகிவிட்டது. மருந்துக்குப் பணியாத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

நம் மாநிலம் இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டது என்றும் சொல்ல முடியாது. கடைசிக் கையிருப்பு மருந்துகளையே முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010இல் உலகை உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில், ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்க வேண்டும் என்று 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2013இல் மத்திய அரசு ஹெச்-1 என்ற புதிய அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் சேர்த்த 46 மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். செஃபிக்சிம் அதில் உண்டு. நாடு அதிகம் விழுங்கும் அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. 2016இல், மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரம் நடந்தது. 2024 ஜனவரியில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எந்த நோய்க்கு என்று சீட்டிலேயே குறிப்பிடும்படி மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு என் கைக்கு வந்த சீட்டுகளில் அப்படிக் குறித்த சீட்டை நான் பார்க்கவில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனையில் பிடித்தார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அதைச் செய்ய முடியும். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் விழுங்குகிற ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு மாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது? 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரில் வந்து, தாமிரபரணியில் கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குளிக்கவும் குடிக்கவும் நமக்கிருப்பது அந்த ஒரே ஆறு. மருந்தையும் மருந்தைத் தாங்கப் பழகிய கிருமியையும் சேர்த்தே நாம் அதில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

படிக்கிற உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சளி, இருமல், காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும்போது 'பவரா எழுதுங்க சார்' என்று கேட்காதீர்கள். 'ஆன்டிபயாடிக் இல்லாம ரெண்டு மூணு நாள் பாக்கலாமா? என்ன ஆனா நான் உடனே திரும்பி வரணும்?' என்று கேளுங்கள். தேவை என்று அவர் எழுதினால், எழுதிய நாள் வரை முழுசாகச் சாப்பிடுங்கள்; பாதி அட்டை வாங்காதீர்கள், மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். தேவையில்லை என்று அவர் சொன்னால், அவர் உங்களை நேரமெடுத்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஃபீஸை மனசாரக் கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்து எழுதவில்லையே என்று அன்று சாயங்காலமே அடுத்த தெரு டாக்டரிடம் போகாதீர்கள்.